அண்ணனின் அப்பீலும் நான் எழுதிய ஆட்டு மனுவும்

அப்பீல் விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் அம்மா இருந்தாள். நான் இருந்தேன். எங்கள் வக்கீல் அக்கா இருந்தார். பார்வையாளர் பெஞ்சின் அந்தக் கோடியில் இறந்துபோனவரின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிட்டுப் பழகியவர், மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வரவில்லை. காலையில் கிளம்பும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், நீங்க போயிட்டு வாங்க" என்றார். மாட்டை விற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அண்ணனும் வரவில்லை. ஆயுள் தண்டனை பெற்றவனின் அப்பீலை அவனை வைத்துக்கொண்டு கேட்பதில்லை. அவன் மத்திய சிறையில் இருந்தான், கோர்ட்டிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில். இன்று தன் வழக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியும். எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாது. அதனால் காலை முழுவதும் அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறந்தவரும் இல்லை. மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சொந்தம் என்று விரல்விட்டுச் சொல்ல முடியாது, ஆனால் வயலுக்கு வயல், வீட்டுக்கு வீடு அப்படித்தான் முறை. அவருடைய மண்டையோட்டில் இருந்த காயத்தின் நீளத்தையும் ஆழத்தையும் அன்று ஐந்தாறு முறை சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நான் அத்தை பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருவாதவூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு எண்பது சென்ட் வயல். அப்பா கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கியது. அது உள்ளே தள்ளி இருக்கிறது. அறுப்பு மெஷின் உள்ளே போக வேண்டுமானால் மாமாவின் வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வருஷம் மார்கழியில் விட்டுவிட்டு மழை. ஆறு நாளாக அலைந்து அண்ணன் ஒரு மெஷினைப் பிடித்தான். மணிக் கணக்கில் வாடகை. காலையில் மாமாவிடம் கேட்டதற்கு, "வந்தா வரட்டும், பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். மெஷின் வந்து சேர்ந்தபோது மணி நாலு. வானம் கறுத்துக் கிடந்தது. அவர் வயலில் ஓரக்கதிர் அறுக்காமல் நின்றது. சக்கரம் ஏறினால் இரண்டு வரிசை போகும். கூடாது என்று வழியில் நின்றுவிட்டார். அண்ணன் வரப்பை வெட்டிச் சரித்து மெஷினுக்குத் தடம் போட்டுக்கொண்டிருந்தான். கையில் மம்பட்டி.

வாய்ச்சண்டை பத்து நிமிஷம் என்று மெஷின் டிரைவர் சாட்சி சொன்னார். "நேத்து வரைக்கும் என் வயல்ல கூலிக்கு நின்னவன் மகனுக்கு இன்னைக்கு மெசினு கேக்குதோ" என்று மாமா சொல்லியிருக்கிறார். அண்ணன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ள, அவர் அண்ணனின் சட்டையைப் பிடிக்க, மம்பட்டியின் பின்பக்கத்தால் ஒரு அடி. ஒன்றே ஒன்று. தலையில்.

பிறகு அண்ணன்தான் அவரைத் தூக்கினான். மெஷினுக்கு டீசல் கொண்டுவந்த லோடு ஆட்டோவில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போலீஸ் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் மாமா இறந்துபோனார். அதுவரை அடிதடி வழக்காக இருந்தது கொலை வழக்காக மாறியது.

நான் அப்போது ஆனையூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அண்ணன் தினமும் மத்தியானம் போன் செய்வான். பேச ஒன்றும் இருக்காது. "சாப்டியாடா?" "சாப்டேன்ணே." "என்ன கொழம்பு?" அவ்வளவுதான். அவன் பக்கத்தில் ஏதாவது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கத்திக் கத்திப் பேசுவான். கடையில் எல்லோருக்கும் கேட்கும் என்று நான் கூச்சப்பட்டுச் சீக்கிரம் வைத்துவிடுவேன். அன்று மத்தியானமும் போன் வந்தது. மெஷின் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னான். கடையில் கூட்டமாக இருந்ததால், "சரிண்ணே, வைக்கிறேன்" என்றேன். இத்தனை வருஷமாக அவன் நம்பருக்கு நான் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறேன். செய்யாவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். வேறொருவர் குரல் அந்த நம்பரில் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விசாரணை நீதிமன்றத்தில் அண்ணனுக்கு ஆயுள் கொடுத்தார்கள். தீர்ப்பு நகலை வீட்டில் படித்து விளங்கிக்கொள்ளக்கூடியவன் நான் ஒருவன்தான். அப்பா கைநாட்டு, அம்மா கையெழுத்து மட்டும், அண்ணன் எட்டாவதோடு நின்றவன். பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். கோர்ட்டுத் தமிழில் அண்ணனுக்கு 'எதிரி' என்று பெயர். எதிரி அடித்தார், எதிரி கைது செய்யப்பட்டார். பதினேழாம் பக்கத்தில் என் எழுத்து இருந்தது.

சண்டைக்கு மூன்று மாதம் முன்பு மாமாவின் ஆடுகள் நாலு எங்கள் நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டன. அப்பா சொன்னது, "ஆட்டப் பிடிச்சுக் கட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடா" என்பதுதான். நான் அப்போதுதான் பி.காம். முடித்துவிட்டு வந்திருந்தேன். பத்தாவது படிக்கும்போதிலிருந்தே ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். முதியோர் பென்ஷன், பட்டா, தெருவிளக்கு எல்லாம் என் கைதான். மனுவென்றால் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அதிகாரி படிப்பார் என்பது என் எண்ணம். வாயால் சொன்னால் யார் கேட்பார்கள் என்று அப்பாவையே மடக்கி, ஒன்றரைப் பக்கம் எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தேன்.

அங்கே அப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். வெளியே வந்து டீக்கடையில் மாமாதான் டீ வாங்கிக் கொடுத்தார். "மருமகன் பெரிய ஆளாயிட்டாரு. நாலு ஆட்டுக்கு என்னைய ஸ்டேசனுக்குக் கூப்புட்டுட்டாரே!" என்று சிரித்தார். அத்தையும் கொஞ்ச நாள் என்னைக் 'கலெக்டர் மருமகனே' என்று கூப்பிட்டார். அதோடு போயிற்று. மனு மட்டும் ஸ்டேஷன் காகிதக் கட்டில் இருந்தது. கொலை வழக்கில் அதை ஆவணமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். 'எங்கள் குடும்பத்திற்கும் மேற்படி நபருக்கும் நீண்ட நாட்களாக முன்விரோதம் இருந்து வருகிறது.' என் வரி. அப்படி எழுதுவதுதான் வழக்கம், எல்லா மனுவிலும் நான் அப்படித்தான் எழுதுவேன். அதை வைத்துக்கொண்டு, எதிரி தற்செயலாக அடிக்கவில்லை, வரப்பு வெட்டும் சாக்கில் மம்பட்டியோடு காத்திருந்து அடித்தார் என்று தீர்ப்பு சொன்னது.

அப்பா, அம்மாவிடம் நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டவில்லை. டிரைவரின் சாட்சிதான் கெடுத்துவிட்டது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

வக்கீல் அக்காவின் அலுவலகம் திருநகரில் அவர் வீட்டு முன்னறைதான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இரண்டு பஸ் மாறி ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். முதல் நாளே வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, "இந்த மனுவ எழுதுனது யாரு தம்பி?" என்று கேட்டார்.

"நாந்தேங்க்கா."

"கையெழுத்து நல்லாருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் காகிதங்கள் பக்கம் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். மேல்கோர்ட்டில் அண்ணன் அடித்தானா என்பது கேள்வியே இல்லை. அடித்தான், அவர் இறந்தார். கேள்வி, அது கொலையா, கொலை ஆகாத மரணமா என்பது. சாக வேண்டும் என்று நினைத்து அடித்தானா? சாவு வரலாம் என்று தெரிந்திருந்தும் ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டதா? முதலாவது முன்னூற்று இரண்டு, ஆயுள். இரண்டாவது முன்னூற்று நாலில் இரண்டாம் பாகம், பத்து வருஷத்துக்குள். இப்போது சட்டத்தின் பெயரும் எண்களும் மாறிவிட்டன. எங்கள் வழக்கு பழையது என்பதால் பழைய எண்களிலேயே ஓடியது.

"மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எப்படிக்கா பாப்பாங்க?"

"மனசப் பாக்க முடியாதுல்ல, அதான் கையப் பாப்பாங்க. ஆயுதம் எங்கருந்து வந்துச்சு, வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தானா, வேலைக்கு வச்சிருந்ததா? எத்தனை அடி? விழுந்தவர மறுபடி அடிச்சானா? சண்டைக்கும் அடிக்கும் நடுவுல எம்புட்டு நேரம்? அடிச்ச பெறகு ஓடுனானா, தூக்குனானா?"

"எல்லாமே நம்ம பக்கந்தானக்கா?"

"ஒன்னு தவிர" என்று மனுவை விரலால் தட்டினார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் தீர்ப்புகளாகப் படித்தேன். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அடிகுழாய்த் தண்ணீருக்காக ஒருவன், சேவலுக்காக ஒருவன், கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடவில்லை என்று ஒருவன். எல்லாவற்றிலும் அந்தச் சில நிமிஷங்களைத்தான் நீதிபதிகள் திரும்பத் திரும்ப அளந்தார்கள். ஒரே அடி என்பதாலேயே கொலை இல்லை என்றாகிவிடாது என்று ஒரு தீர்ப்பு சொல்லும், அன்று எனக்குச் சோறு இறங்காது. திடீர்ச் சண்டையில், யோசிக்க நேரமில்லாமல், எதிராளியின் நிராதரவைப் பயன்படுத்தாமல் அடித்தது கொலையாகாது என்று இன்னொன்று சொல்லும், அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன். ஒவ்வொன்றிலும் கடைசிப் பாராவுக்குத் தாவி, அவன் வீட்டுக்குப் போனானா என்று பார்ப்பேன். அது எங்கள் தீர்ப்பு இல்லை என்பது ஒரு கணம் மறந்துபோகும்.

விசாரணைத் தேதிக்கு முந்தின வாரம் மனுப்போட்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். நடுவில் கண்ணாடி, பேசுவதற்குப் போன். மெலிந்திருந்தான். ஆனால் முடியை ஒட்ட வெட்டியிருந்ததில் சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

"சாப்டியாடா?" என்றான் எடுத்தவுடன்.

"சாப்டேன்ணே" என்றேன். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்க நான் தயாராக இருந்தேன். இருந்தது சில நிமிஷங்கள்தான்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். உனக்கு ஆயுள் வந்ததுக்கு டிரைவர் காரணமில்ல. நான் எழுதுன மனு. ஆட்டுக்கு எழுதுனேன்ல, அதுல முன்விரோதம்னு போட்டுட்டேன். அதப் பிடிச்சுக்கிட்டாய்ங்க."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டான். "அந்த ஆட்டு மனுவா?"

"ஆமாண்ணே."

"இத எத்தன வருசமா வயித்துல வச்சுருக்க?"

"மூணு."

"லூசுப்பயலே. உன் மனு வந்து மம்பட்டியப் பிடிச்சுச்சா? நாந்தேன்டா அடிச்சேன்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். "மாமா கண்ணு ஆட்டோவுல தொறந்தே இருந்துச்சு. ஒத்தக்கடை தாண்டுற வரைக்கும் என்னையத்தேன் பாத்துக்கிட்டு வந்தாரு. அத எவன்ட்டயும் சொல்லாத, வக்கீல்ட்டக்கூட." பிறகு அவனாகவே, "ஆமா, அந்த மனுவ நீ படிச்சுக் காட்டுனப்ப அப்பா எப்புடி உக்காந்துருந்தாரு? சட்டைய மாட்டிக்கிட்டு வந்துல்ல கேட்டாரு" என்று சிரித்தான். நேரம் முடிந்தது என்று காவலர் தோளைத் தொட்டார். "வாரேன்டா" என்றான், எங்கோ கிளம்பிப் போகிறவன் போல.

விசாரணையன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு நீதிபதிகள். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா சொல்றாக, என்னடா சொல்றாக" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே பாதிதான் விளங்கியது. ஆயுதம், ஒரே காயம், லோடு ஆட்டோ என்று அக்கா வரிசையாகச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, முன்விரோதத்தை அவர்கள் குடும்பமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார். மூத்த நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"மனு தமிழ்ல இருக்கு, முழுசா வாசிக்க அனுமதிக்கணும்" என்றார் அக்கா. வாசித்தார். நிறுத்தி நிதானமாக, என் ஒவ்வொரு வரியையும்.

"'மேற்படி நபர் நீண்ட நாள் முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு, கடந்த செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்து மணியளவில், தனக்குச் சொந்தமான நான்கு ஆடுகளை ஏவிவிட்டதில், மேற்படி ஆடுகள் கொலைவெறியுடன் அத்துமீறி நுழைந்து எங்கள் நாற்றங்காலைத் தின்று தீர்த்துவிட்டன. மேற்படி ஆடுகளால் எங்கள் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து உள்ளது.'"

பின்வரிசையில் இளம் வக்கீல்கள் சிரித்துவிட்டார்கள். அரசு வக்கீலும் காகிதக் கட்டால் வாயை மறைத்துக்கொண்டார். இளைய நீதிபதி தமிழிலேயே, "ஆடுகளுக்குமா கொலைவெறி?" என்றார். கோர்ட்டே சிரித்தது. என் காது சுட்டது. நான் படித்த படிப்பு அத்தனையும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆடு மேய்ந்ததற்கு எழுதிய மனு இது, மனு எழுதுகிறவர்களின் வழக்கமான வார்த்தைகள், அன்றைக்கே சமரசமானதும் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கிறது, இதிலிருந்து ஒரு மனிதனைக் கொல்லும் எண்ணத்தை எடுக்க முடியாது என்றார். நீதிபதிகள் ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்து பேசிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் அங்கே இருந்திருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

தீர்ப்பைத் தள்ளி வைத்தார்கள். வெளியே பஸ் நிறுத்தத்தில் அத்தை தனியாக நின்றிருந்தார். அம்மா போய் அவர் பக்கத்தில் நின்றாள். எதிரே ஆனைமலைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"அந்தச் செவலை ஆடு மட்டும் இன்னும் இருக்கு" என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல். "மத்ததெல்லாம் வித்துட்டேன்."

"மதினி, நாங்க..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"ஒன்னும் சொல்லாத. முன்னூத்தி ரெண்டாம், முன்னூத்தி நாலாம். எனக்கு ரெண்டும் பஸ் நம்பரு மாதிரித்தேன். எதுல ஏறுனாலும் எங்க வீட்டுக்காரரு எறங்க மாட்டாரு." பஸ் வந்தது. ஏறும்போது என் பக்கம் திரும்பி, "அவென் அங்க நல்லாச் சாப்புடுறானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தக் கேள்வியை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனைத் தவிர.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கையில் இருந்தது வேலைக்கான மம்பட்டி, அடி ஒன்று, சண்டை திடீரென மூண்டது, அடித்தவனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறான், மனுவை முன்கூட்டிய எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் கனமான இரும்பால் தலையில் அடித்தால் சாவு வரலாம் என்பது விவசாய வேலை செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. எனவே கொலை அல்ல, கொலை ஆகாத மரணம். ஆயுளுக்குப் பதில் ஏழு வருஷம். அபராதம் இரண்டு லட்சம், அதை இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டும்.

உள்ளே இருந்தது மூன்று வருஷம் ஒன்பது மாதம். மிச்சம் மூன்று வருஷம் மூன்று மாதம். நன்னடத்தைக்குக் கொஞ்சம் குறையும் என்றார் அக்கா. முடிவில்லாமல் கிடந்ததற்கு ஒரு தேதி கிடைத்தது. ஆனால் அண்ணன் நாளைக்கே வந்துவிடுவான் என்பது போல அம்மா அன்று ராத்திரிச் சோற்றுக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டிருந்தாள். நான் தேதியைச் சொன்னேன். அவள் விரலை மடக்கி, எத்தனை பொங்கல் என்று எண்ணினாள்.

எண்பது சென்டில் முப்பத்தைந்தை விற்று அபராதத்தைக் கட்டினோம். கட்டிவிட்டு வந்த அன்று அப்பா வாசலில் உட்கார்ந்தபடி, "மொத்தம் எம்புட்டுடா ஆச்சு?" என்று முதல்முறையாகக் கேட்டார். வக்கீல் பீஸ், கீழ்கோர்ட்டுக்கும் மேல்கோர்ட்டுக்கும் நகல் செலவு, கிடைக்காத ஜாமீனுக்கு ஆன செலவு, பஸ், அபராதம் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து முன்னூறு ரூபாய். "ரெண்டு வரிசக் கதிருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து உள்ளே போனார்.